மேலே ஒட்டிய ‘இன்று முதல்’ சீட்டைப் பிரிக்கலாமா? (பழைய போஸ்டர்களைப் புதுப்பிப்பது பற்றி)

டூரிங்பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா எங்கள் ஊர்ப்பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். கொட்டகையைப் பிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது. பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டுப் போஸ்டர் கிடைத்தது. முக்கால்வாசி அறுபதுகளில் வந்த எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள். லித்தோ அச்சு, 30-க்கு 40 அங்குலம். எட்டாக மடித்துக் கிடந்ததால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் சேரும் இடங்களில் ஓட்டை. ஒன்றிரண்டின் ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது.

அதில் ஒரு போஸ்டரில் கீழே குறுக்காக ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. ரோஸ் கலர் தாளில் கறுப்பு எழுத்து: ‘இன்று முதல் – தினசரி 2 காட்சிகள்’. அதற்குக் கீழே தாத்தா கொட்டகையின் பெயர். இந்தச் சீட்டு கதாநாயகியின் தாடையில் பாதியை மறைக்கிறது. வரைந்தவரின் கையெழுத்தும் அச்சகத்தின் பெயரும் இருக்க வேண்டிய இடத்தையும் மறைக்கிறது.

சென்னையில் ஒரு சேகரிப்பாளருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “சீட்டைப் பிரித்துவிட்டு, துணி ஒட்டி, மடிப்புகளுக்குக் கலர் கொடுத்துவிடுங்கள், புதுசு மாதிரி ஆகிவிடும்” என்றார். மாமா “ஒன்றும் செய்யாதே, சீட்டைத் தொட்டால் கையை உடைப்பேன்” என்கிறார். விற்கும் எண்ணம் இல்லை. அதற்காக ஆயுசுக்கும் பெட்டியிலேயே வைக்கவும் மனம் வரவில்லை. ஹாலில் மாட்ட ஆசை. என்ன செய்யலாம்?

பெஞ்சுடிக்கெட்:

தம்பி, முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். செலோடேப் ஒட்டாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போடாதீர்கள். ஃபெவிகால் தடவி பிளைவுட்டில் ஒட்டித் தருகிறேன் என்று சட்டம் போடுகிற கடையில் சொன்னால் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். என் அப்பா வைத்திருந்த ஒரு பாகவதர் காலத்து நோட்டீஸை அப்படித்தான் ஒரு கடையில் பலகையில் அறைந்து கொடுத்தார்கள். இப்போது பலகையைப் பூச்சி தின்கிறது. காகிதத்தைத் தனியே எடுக்க வழியில்லை.

மற்றபடி நான் உங்கள் மாமா கட்சி.

நாலணாரசிகன்:

நான் போஸ்டர் சேகரிக்கிறவன். நேர் எதிர்க் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்டர் எதற்காக அச்சடித்தார்கள்? ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. கண்ணைப் பறிக்கிற சிவப்பு, மஞ்சள், அதில் நாயகனின் முகம். அது நாறிப்போய், மடிப்புக் கோடு மூக்கின் மேலே ஓடினால் வரைந்தவனுக்கு என்ன மரியாதை? வெளிநாட்டில் இதெல்லாம் பழகிய விஷயம். போஸ்டரை நனைத்து, அலசி, பின்னால் ஜப்பான் தாள் (நீளமான நாரில் செய்த மெல்லிய, உறுதியான தாள்), அதற்குப் பின்னால் கேன்வாஸ் துணி, கோதுமை மாவுப் பசை. காய்ந்ததும் விட்டுப்போன இடங்களில் வாட்டர்கலரும் கலர் பென்சிலும். பெரிய பெரிய ஏலங்களில் வரும் போஸ்டர்களில் பாதிக்கு மேல் இப்படித் துணி கட்டியவைதான் என்று தைரியமாகச் சொல்வேன். 1927-இல் வந்த ஒரு ஜெர்மன் ஊமைப்படத்தின் போஸ்டர் 2005-இல் 6,90,000 டாலருக்குப் போனது. காகிதத்துக்கு அந்த மதிப்பு வந்த பிறகு அதைப் பராமரிக்கத்தானே வேண்டும்?

அந்தச் சீட்டு எந்த ஊரிலும் கிடைக்கும் விளம்பரத் துண்டு. அதற்கு அடியில் இருப்பவர் யாரென்று தெரியாத ஓவியர். நான் ஓவியர் பக்கம் நிற்பேன்.

முத்துகாமிக்ஸ்பையன்:

நாலணா அண்ணே, காமிக்ஸ் உலகத்தில் கதை தலைகீழ். அமெரிக்காவில் சிஜிசி என்று ஒரு நிறுவனம் காமிக்ஸ்களுக்குத் தரம் போட்டுப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருகிறது. கலர் தொட்டிருந்தால், ஓரம் ஒட்டியிருந்தால் ஊதா லேபிள். ஊதா வந்தால் விலை படுத்துவிடும். போஸ்டருக்குக் கலர் அடித்தால் கொண்டாட்டம், காமிக்ஸுக்கு அடித்தால் குற்றம். இரண்டும் மலிவுக் காகிதத்தில் அடித்த சரக்குதான். இந்தச் சட்டமெல்லாம் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது, காகிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காகிதவைத்தியன்:

நான் காகிதம் பேணும் வேலையில் இருப்பவன். ஒரு கட்சியும் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் போஸ்டர் காகிதம் பெரும்பாலும் மரக்கூழ். மரத்தில் இயல்பாக இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடும், வெளிச்சம் பட்டால் பழுக்கும். காகிதத்தில் மை ஊறாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்ப்பார்கள், அது நாளாக ஆகக் காகிதத்துக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கும். அதனால்தான் மடித்தால் ஒடிகிறது. இதற்கும் அழகுக்கும் தொடர்பில்லை. அமிலத்தைக் கழுவி எடுக்கலாம், கொஞ்சம் காரத்தை உள்ளே விட்டுவைக்கலாம். காகிதத்தின் ஆயுள் கூடும். இது ஒரு வேலை.

மடிப்புக் கோட்டுக்குக் கலர் கொடுப்பது வேறு வேலை. இரண்டையும் ‘புதுப்பித்தல்’ என்று ஒரே சாக்கில் போட்டுப் பேசுவதால்தான் பாதிச் சண்டை. முதல் வேலை காகிதத்துக்கு, இரண்டாவது நம் கண்ணுக்கு.

நாலணா சார் சொல்லும் துணிக்கட்டு பற்றி: கோதுமை மாவுப் பசை தண்ணீரில் விட்டுவிடும், ஆகவே எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடலாம் என்பார்கள். ஏட்டில் சரி. நடைமுறையில் போஸ்டர் இரண்டாம் முறை நனைய வேண்டும், மேலே கொடுத்த வாட்டர்கலர் ஓடும், காகிதம் நனைந்தால் விரிந்து காய்ந்தால் சுருங்கும். அது மட்டுமா? சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் துணி ஒரு மாதிரி இழுக்கும், காகிதம் இன்னொரு மாதிரி இழுக்கும். ஓரங்கள் அலை அலையாக எழும்பிய துணிக்கட்டுப் போஸ்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். துண்டு துண்டாகப் போன பெரிய போஸ்டருக்கு வேறு வழியில்லை என்றால் துணி கட்டலாம். நம் தம்பியின் போஸ்டர்களுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஜப்பான் தாள் கொண்டு மடிப்பை மட்டும் பிடித்தால் போதும் என்று தோன்றுகிறது.

ஒரு கேள்வி தம்பி: சீட்டு ஒட்டிய இடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பழுப்பாகவோ பச்சையாகவோ கறை இருக்கிறதா? போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், மாடு, ஆடு தின்னாமலிருக்கவும் பூச்சி வராமலிருக்கவும். மயில்துத்தம் என்பது தாமிரம். தாமிரம் காகிதத்தைச் சீக்கிரம் அரிக்கும். கறை இருந்தால் சீட்டைப் பிரிக்கும் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

ஓவியக்கல்லூரி_பழசு:

சரியான இழை. மேலே ஒட்டியதைப் பிரிக்கலாமா என்ற கேள்வி நம் ஊரில் போஸ்டருக்கு முன்னாலேயே வந்தாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில்.

கருவறையைச் சுற்றிய உள்பிராகாரச் சுவரில் எல்லோரும் பார்த்தது நாயக்கர் கால ஓவியங்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி அந்த இருட்டுக்குள் போய், உதிர்ந்த இடங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். சுந்தரர் கயிலைக்குப் போகும் காட்சி, திரிபுரம் எரித்த சிவன், எல்லாம் அடியில். இப்போது என்ன செய்வீர்கள்? சோழனுக்காக நாயக்கரைச் சுரண்டுவீர்களா? நாயக்கர் கால ஓவியமும் சில நூறு வருஷப் பழசு. பிற்காலத்தில் தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கைச் சாந்தோடு சேர்த்துத் தனியே உரித்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பொருத்திக் காட்சிக்கு வைத்தது. கீழே இருந்ததும் வெளியே வந்தது, மேலே இருந்ததும் அழியவில்லை.

இந்தப் பொறுமை எல்லா இடத்திலும் இருந்ததில்லை. அஜந்தாவுக்கு 1920-இல் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. உதிர்ந்த சாந்தைப் பிடித்து நிறுத்தியது அவர்கள் செய்த நல்ல காரியம். ஆனால் மேலே ஷெல்லாக், அதாவது நம் அரக்கு, பூசினார்கள். பூசிய புதிதில் படம் பளிச்சென்று எழுந்து வந்திருக்கும். வருஷங்கள் போகப்போக அரக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, புழுதியைப் பிடித்துக்கொண்டு படத்தையே மூடியது. அதைக் கரைத்து எடுப்பதே அப்புறம் தொல்லியல் துறையின் பல வருஷ வேலை ஆகிவிட்டது. பூசியவர்கள் கைதேர்ந்தவர்கள், நல்ல எண்ணத்தோடு பூசியவர்கள். அதுதான் எனக்குப் பயமே. துப்புக் கெட்டவன் கெடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஸ்பெயினில் போர்ஹா என்ற ஊரில் 2012-இல் ஒரு மூதாட்டி தேவாலயச் சுவரிலிருந்த இயேசுவைத் திருத்தப் போய், அது உலகம் பூராவும் சிரிப்பாகி, கடைசியில் அதைப் பார்க்கவே சுற்றுலாக் கூட்டம் வந்தது. நிபுணர் கெடுத்தால் தெரிய ஐம்பது வருஷம் ஆகும்.

நாலணாரசிகன்:

ஐயா, தஞ்சாவூரை இங்கே இழுக்காதீர்கள். ராஜராஜன் சுவரும் ரோஸ் கலர் துண்டுச்சீட்டும் ஒன்றா? அங்கே மேலடுக்கும் ஓவியம், கீழடுக்கும் ஓவியம். இங்கே மேலே இருப்பது ‘தினசரி 2 காட்சிகள்’.

மேலடுக்கை எடுத்ததால் நன்மை வந்த கதையும் உண்டே. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துப் பலிபீட ஓவியம், வான் ஐக் சகோதரர்கள் வரைந்தது, 1432. நடுவிலிருக்கும் ஆட்டுக்குட்டியின் மேல் பதினாறாம் நூற்றாண்டில் யாரோ வேறு முகம் வரைந்துவிட்டார்கள். சமீபத்தில் அதை எடுத்ததும் அடியிலிருந்து மனிதப் பார்வை பார்க்கிற ஆடு வந்தது. இணையத்தில் கேலி செய்தார்கள். செய்யட்டும், வான் ஐக் வரைந்தது அதுதான்! நானூற்றுச் சொச்சம் வருஷம் எல்லோரும் பார்த்துப் பழகிய முகம் என்பதற்காக அந்தப் பிற்சேர்க்கையை விட்டுவைக்க வேண்டுமா?

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இராக்காவல்’ படம் தெரியும்தானே. வார்னிஷ் கறுத்துப் போனதால் இரவுக் காட்சி என்று நினைத்துப் பெயரே அப்படி ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுத்தம் செய்து பார்த்தால் பகல் வெளிச்சம். அழுக்கை வரலாறு என்று கும்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

காரைவீட்டு_ஆச்சி:

நான் ஒரு விஷயம் சொல்கிறேன், அது யார் பக்கம் போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் பழைய வீடுகளில் ரவிவர்மா படங்கள் நிறைய உண்டு. பம்பாய்ப் பக்கம் 1894-இல் அவர் தொடங்கிய அச்சகத்தில் வந்த லட்சுமி, சரஸ்வதி, முருகன். அதில் ஒரு வழக்கம். வாங்கி வந்த படத்தை அப்படியே மாட்டமாட்டார்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து, புடவை இருக்கும் இடத்தில் நிஜப் பட்டுத் துணியைக் கத்தரித்து ஒட்டுவார்கள். கரைக்கு ஜரிகை, நகைக்குச் சின்னச் சின்ன மணி, ஜிகினா. லட்சுமியின் முகமும் கையும் மட்டும் அச்சு, மற்றதெல்லாம் எங்கள் வீட்டார் உடுத்திவிட்டது.

ஒரு வியாபாரி எங்கள் சொந்தக்காரர் வீட்டில் அப்படி ஒரு சரஸ்வதியை வாங்கிப் போனார். பிறகு அவர் கடையில் பார்த்தேன். துணி, ஜரிகை எல்லாவற்றையும் உரித்து ‘ஒரிஜினல் ரவிவர்மா’ என்று போட்டு வைத்திருக்கிறார். அடியில் இருந்த அச்சு நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் படாததால் கலர் கூட மங்கவில்லை. ஆனால் அந்த அச்சு நாடு முழுக்கப் பல வீடுகளில் இருக்கும். அந்தப் பச்சைப் பட்டும், ஒரு ஓரத்தில் ஜரிகை போதாமல் வேறு ஜரிகை வைத்துச் சமாளித்திருந்ததும் அந்த ஒரே படத்தில்தான் இருந்தது. நாலணாத் தம்பி, உங்கள் சட்டப்படி அந்த வியாபாரி செய்தது சரிதானே? எனக்கு வயிறு எரிகிறது.

பெஞ்சுடிக்கெட்:

ஆச்சி சொன்னதுதான் பாயிண்ட். போஸ்டர் ஆயிரக்கணக்கில் அடித்தது. எங்காவது இன்னொரு பிரதி இருக்கும், பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலோ இருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த ஊரில் அந்தக் கொட்டகையில் அந்தப் படம் ஓடியது என்பதற்கு இந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி ஏது? டூரிங் கொட்டகைகளுக்கு வரலாறு எழுதியவர் யார் இருக்கிறார்கள்?

சன்னதித்தெரு:

நீங்கள் எல்லோரும் பொருளைப் பார்வைக்கு வைக்கிற கண்ணோட்டத்திலேயே பேசுகிறீர்கள். நம் ஊரில் படம் பார்வைக்கு மட்டும் இல்லை, பூஜைக்கும் உண்டு. சாமி படத்தில் பொட்டு வைத்து, சாம்பிராணிப் புகையில் கறுத்து, பூச்சி அரித்துவிட்டால் என்ன செய்வோம்? எடுத்துவிட்டுப் புதுப் படம் மாட்டுவோம், பழசை ஆற்றிலோ மரத்தடியிலோ சேர்ப்போம். பின்னப்பட்டதைக் கும்பிடுவதில்லை. கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருப்பணி, குடமுழுக்கு. புதுப்பிப்பது நம் மரபிலேயே இருக்கிறது. ‘அப்படியே விடு’ என்பது மியூசியத்தோடு வந்த நினைப்பு.

ஓவியக்கல்லூரி_பழசு:

சன்னதித்தெரு, பாதி ஒத்துக்கொள்கிறேன். திருப்பணி மரபுதான். ஆனால் திருப்பணி என்ற பெயரில் நடந்ததையும் பாருங்கள். கல்லைப் பளபளப்பாக்க மணல்வீச்சு என்று இயந்திரத்தால் மணலைப் பீச்சியடித்தார்கள். சிற்பங்களின் மூக்கும் கல்வெட்டின் எழுத்தும் சேர்ந்து தேய்ந்தன, கடைசியில் அரசே அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. மண்டப விதானத்து ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு, சுதைச் சிற்பத்தின் மேல் எனாமல் பெயின்ட். பழைய ஸ்தபதிகளின் திருப்பணியில் சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு, சுதைக்குச் சுதை. சிமென்ட்டும் எனாமலும் வந்த பிறகு மரபு என்ற சொல் மட்டும் மிச்சம்.

பூஜைக்கு வைத்த படம் கறுத்தால் மாற்றுங்கள், அது பக்தருக்கும் சாமிக்கும் உள்ள விவகாரம். டூரிங்பேரன் எம்.ஜி.ஆரைப் பூஜையறையில் மாட்டப் போவதில்லையே (மாட்டினாலும் நம் ஊரில் ஆச்சரியமில்லை).

வல்லிபுரத்தான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டுச் சிகிரியாப் பாறையில் பழைய காலத்தில் வரைந்த பெண்களின் ஓவியங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1967-இல் யாரோ இரவோடிரவாக ஏறிப் பச்சைப் பெயின்டை அந்தப் பெண்கள் மேலே அள்ளி ஊற்றிவிட்டார்கள். சில இடங்களில் சாந்தையும் கொத்தியிருந்தார்கள். லூசியானோ மரன்சி என்ற இத்தாலிய நிபுணர் வந்து பெயின்டை எடுத்தார். அங்கே ‘அதுவும் வரலாறு, விட்டுவிடுவோம்’ என்று ஒருவரும் கதைக்கவில்லை. ஆகவே மேலே விழுந்ததெல்லாம் காப்பாற்ற வேண்டியது என்று சட்டம் போட முடியாது.

ஆனால் எங்கட ஊர் நூலகத்தை எடுங்கள். 1981-இல் எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. பிறகு கட்டடத்தைத் திருப்பிக் கட்டுவோம் என்றபோது, எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விட வேண்டும், வெள்ளையடித்தால் நடந்ததையே மறைத்த மாதிரி ஆகும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் படிக்க நூலகம் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். கட்டினார்கள். இன்று வெள்ளையாக அழகாக நிற்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் ஒரு சுவரையாவது கருகியபடியே விட்டிருக்கலாம் என்று நினைப்பேன். கட்டியது பிழை என்றும் சொல்லமாட்டேன்.

நாலணாரசிகன்:

ஆச்சி, நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். அந்த வியாபாரி செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஜரிகை வைத்தது ஒருவர் ரசித்துச் செய்த கைவேலை. சீட்டு ஒட்டியது கூலிக்குச் செய்த வேலை, ஒட்டியவர் கதாநாயகியின் தாடையைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள முடியாது.

வல்லிபுரத்தான் சொன்ன சிகிரியாவைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். எதைக் காப்பது என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். ‘ஒன்றையும் தொடாதே’ என்பதும் ஒரு முடிவுதான், அந்த முடிவை ராமபாணம் நிறைவேற்றிக் கொடுத்துவிடும்.

பிக்சல்பாண்டி:

இவ்வளவு சண்டை எதற்கு? டூரிங்பேரன் அண்ணா போட்ட படத்தை ஏஐயில் கொடுத்துச் சீட்டை எடுத்து, மடிப்பையும் சரி செய்துவிட்டேன். இணைத்திருக்கிறேன். பிரிண்ட் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

முத்துகாமிக்ஸ்பையன்:

பாண்டி, பெரிதாக்கிப் பார்த்தாயா? படத்தின் பெயரில் ‘ழ’ இருந்த இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு எழுத்து நிற்கிறது. கதாநாயகிக்குத் தாடையை நீயே கொடுத்துவிட்டாய், அதோடு ஒரு கூடுதல் வளையலும். சிவாஜிக்கு மீசையை வேறு ட்ரிம் பண்ணியிருக்கிறாய். ரசிகர் மன்றத்துக்காரர்கள் இந்தப் பக்கம் வராதவரை நீ பிழைத்தாய்.

காகிதவைத்தியன்:

சிரித்துவிட்டேன். ஆனால் பாண்டி சொன்ன வழியில் விஷயம் இருக்கிறது, செய்த விதம்தான் கோளாறு. அசலைத் தொடாமல் பிரதியில் வேலை செய்வது மிக நல்ல யோசனை. ‘இராக்காவல்’ படத்தை 1715-இல் சுவருக்குப் பொருந்தவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். 2021-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் வெட்டுப்பட்ட பகுதிகளைக் கணினி கொண்டு உருவாக்கி, தனிப் பலகைகளில் அச்சிட்டு, அசலைச் சுற்றிக் கொஞ்ச நாள் மாட்டி வைத்துவிட்டுக் கழற்றிவிட்டது. அதற்கு வழிகாட்ட, வெட்டுவதற்கு முன் ஒருவர் வரைந்து வைத்த சின்னப் பிரதி இருந்தது. பாண்டிக்கு அப்படி எதுவும் இல்லை, ஊகம்தான்.

இன்னொன்று ஹார்வர்டில் நடந்தது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ அறுபதுகளில் வரைந்து கொடுத்த பெரிய ஓவியங்களில் லித்தால் ரெட் என்ற சிவப்பு வெயிலில் வெளிறிவிட்டது. மேலே கலர் பூசினால் அது ராத்கோ இல்லை. 2014-இல் என்ன செய்தார்கள் என்றால், வெளிறிய இடங்களுக்குத் தேவையான நிறத்தை மட்டும் புரொஜெக்டரில் ஒளியாகப் பாய்ச்சினார்கள். சாயங்காலம் புரொஜெக்டரை அணைத்தால் ஓவியம் இருக்கிற நிலைமை தெரியும். அதையும் பார்க்கவென்றே சிலர் காத்திருப்பார்களாம்.

அசலில் கலர் கொடுத்தே தீர வேண்டும் என்றால் அதற்கும் நேர்மையான வழி உண்டு. இத்தாலியில் செசாரே பிராந்தி என்ற அறிஞர் வகுத்த முறை: விட்டுப்போன இடத்தை மெல்லிய நிற்கும் கோடுகளால் நிரப்புவது. தள்ளி நின்றால் படம் முழுசாகத் தெரியும், பக்கத்தில் போனால் எது பழசு, எது நாம் போட்டது என்று எவரும் சொல்லிவிடலாம். போஸ்டர்காரர்கள் செய்வது வேறு. மடிப்பை மறைக்க, நன்றாக இருக்கும் அச்சு மையின் மேலேயும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஓட்டைக்குள் நிரப்புங்கள், ஓட்டைக்கு வெளியே போகாதீர்கள்.

கடைசியாகச் சீட்டு. டூரிங்பேரன், அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிரிக்கவே வேண்டாம். இருட்டு அறையில் போஸ்டரைக் கண்ணாடி மேல் பரப்பி, கீழிருந்து டார்ச் அடியுங்கள். மெல்லிய தாள்தான், அச்சு எழுத்து தெரிய வாய்ப்புண்டு. பின்பக்கக் கறையைப் பற்றிக் கேட்டேனே, அதையும் பாருங்கள். பிரிக்க வேண்டி வந்தால் ஆவி பிடிக்காதீர்கள். மெத்தில் செல்லுலோஸ் கூழைத் தடவிப் பசையை மெதுவாக இளக்கி எடுக்கலாம், அதைக் கையறிந்தவர் செய்யட்டும். எடுத்த சீட்டையும் கூடவே வைக்க வேண்டும், குப்பையில் போடக்கூடாது.

டூரிங்பேரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி டீப்பாயின் கண்ணாடியைக் கழற்றி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, தங்கை கீழே உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். தாடை தெரிந்தது. அதற்குக் கீழே வலது மூலையில் அச்சகத்தின் பெயரும் ‘சிவகாசி’ என்பதும் திரும்பவும் சரிபார்க்கும் அளவுக்குத் தெரிந்தன. பக்கத்தில் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல், கடைசி எழுத்து ‘ன்’ என்று மட்டும் சொல்ல முடியும். படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், யாருக்காவது பிடிபட்டால் சொல்லுங்கள்.

பின்பக்கம் கறை இல்லை. பசை தடவிய தடம் மட்டும் லேசாகத் தெரிகிறது. மாமாவிடம் மயில்துத்தம் பற்றிக் கேட்டேன். சுவரில் ஒட்டும் பசைக்கு மட்டும்தான் போடுவார்களாம். சீட்டு ஒட்டுவது கொட்டகைக்குள்ளேயே வைத்து, சோற்றுக் கஞ்சிதானாம். அதை ஒட்டியது யார் தெரியுமா, மாமாவேதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீட்டு ஒட்டுவது அவர் வேலை, கூலி இலவசமாகப் படம் பார்ப்பது. நாலணா அண்ணே, கதாநாயகியின் தாடையைப் பார்க்காமல் ஒட்டினார் என்றீர்களே, சொல்லிவிட்டேன். ‘கீழே வேறு இடமே இல்லையே, ஹீரோ மேலே ஒட்டினால் அடி விழும்’ என்கிறார்.

சீட்டு இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். துணிக்கட்டு வேண்டாம். மடிப்பு மட்டும் பின்னாலிருந்து பிடித்துத் தர, காகிதவைத்தியன் சார் சொன்ன மாதிரி ஒருவரிடம் கொடுக்கப் போகிறேன். ஹாலுக்கு நல்ல ஸ்கேன் எடுத்துப் பிரிண்ட். அசல் உள்ளே இருக்கும். சீட்டு ஒட்டாத மற்ற போஸ்டர்களில் ஒன்றை மட்டும் ஓட்டைகளை நிரப்பச் சொல்லலாமா என்று யோசனை. எதில் வைப்பது, எப்படி வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

நாலணாரசிகன்:

மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ஆனால் என் கருத்து மாறவில்லை. அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரிந்தால், அது ஒரு பெரிய ஆளாக இருந்தால், அன்றைக்கு இந்தக் கேள்வி மறுபடி வரும், பாருங்கள். காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜுவிடம் பழகிய ஆட்கள் சிவகாசி அச்சகங்களுக்கு நிறைய வேலை செய்திருக்கிறார்கள். நான் விசாரிக்கிறேன்.

டூரிங்பேரன்:

வரட்டும் அண்ணே. பசை கஞ்சிதானே, அன்றைக்கும் பிரிக்கலாம். இன்றைக்குப் பிரித்தால்தான் மறுபடி ஒட்ட முடியாது.

காகிதவைத்தியன்:

வைப்பதற்கு: மடிக்காதீர்கள், இனி மடிப்பே வேண்டாம். அமிலமில்லாத அட்டை இரண்டுக்கு நடுவே தட்டையாக. உறை வேண்டுமென்றால் பாலியெஸ்டர் உறை, அதையும் அமிலம் கழுவிய பிறகு. சாதா பிவிசி உறை வேண்டாம், அது நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, மழைக்காலத்தில் ஈரம் ஏறும். நாப்தலின் உருண்டையைக் காகிதத்தோடு போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தாலே பாதிப் பூச்சி ஓடிவிடும்.

வேலை செய்கிறவரிடம் என்ன செய்தார், எந்தப் பசை, எந்தத் தாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் போஸ்டரோடு சேர்த்து வைக்க வேண்டாம், தனிக் கவரில் வையுங்கள். மாமா சீட்டு ஒட்டிய கதையையும் அதிலேயே எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

காரைவீட்டு_ஆச்சி:

எந்த ஊர், எந்த வருஷம், தரை டிக்கெட் எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதுங்கள் தம்பி. அவருக்கு இப்போது ஞாபகம் இருக்கும்போதே.